வாயை ஊரில் விட்டுவிட்டு வா

ஜன்னலைச் சாத்தாதீங்க சிஸ்டர். வெயில் அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும். எனக்கு உள்ளுக்குள்ள எரியுத எரிச்சலுக்கு இந்த வெயில் ஒண்ணும் பெருசில்ல.

பையில இருக்கது பைபிள்தான? ஜிப்பு வச்ச கவரைப் பாத்ததுமே நம்ம ஆளுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அதான் பஸ்ல முன்னால அவ்வளவு சீட்டு காலியாக் கிடந்தும் இங்க வந்து உக்காந்தேன். மதுரைக்கா? நல்லதாப் போச்சு, நானும் மதுரைதான். மகளைப் பாக்கப் போறேன். பேரு கேக்காதீங்க. அவ பேரைச் சொல்லக்கூடாது. யார்கிட்டயும் எதையும் மூச்சு விடக்கூடாதுன்னு கண்டிஷன் போட்டுத்தான் என்னைய வரச் சொல்லியிருக்கா.

"அம்மா வரட்டும், வாயை ஊர்ல விட்டுட்டு வரணும்." இப்படிச் சொல்லியிருக்கா சிஸ்டர், பெத்த மக. அதுவும் எங்கிட்ட நேராச் சொல்லல. என் கூடப் பேச்சே இல்லல்லா. மருமகப்பிள்ளை போன் பண்ணி, தயங்கித் தயங்கி, "அத்தை, தப்பா எடுத்துக்கிடாதீங்க, அவ இப்படியே சொல்லச் சொன்னா"ங்காரு. தங்கமான பிள்ளை அது.

வாயாம் வாய். எனக்கு என்ன வாய் இருக்கு, கேக்குதேன்? எங்க ஊர்ல வந்து விசாரிச்சுப் பாருங்க. செல்வக்கிருபை அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டான்னுதான் சொல்லுவாவ. சொல்லாட்டா அவங்க பொய் சொல்லுதாங்கன்னு அர்த்தம்.

எல்லாம் அந்த லில்லி அக்காவால வந்த வினை. லில்லி புஷ்பம். பேரைச் சொன்னாலே நாக்கு கசக்கு. எங்க சபையில பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளர். எனக்கு அப்புறம்தான் அவ வந்தா. நான் இருந்த காலத்துல சங்கம் எப்படி இருந்துச்சுன்னு நானே சொன்னா நல்லாருக்காது. இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா, இந்நேரம் கோயில்ல உபவாச ஜெபம் நடந்துக்கிட்டு இருக்கும். மைக்கைக் கையில பிடிச்சுக்கிட்டு நிப்பா. அவ கையில மைக்கு போயிட்டா ஐயர் நினைச்சாலும் வாங்க முடியாது. ஐயர்னா எங்க பாதிரியாரு. நாங்க அப்படித்தான் சொல்லுவோம். நீங்க பாஸ்டர்னு சொல்லுவீங்களா இருக்கும்.

எங்க ஊரு உடன்குடிக்கும் அந்தப் பக்கம், செம்மணல் தேரி ஓரம். கோயில் கோபுரத்துல நாலு பக்கமும் ஸ்பீக்கர் குழாய் கட்டியிருக்கு. உள்ள ஒருத்தி தும்முனா பனங்காட்டுல கேக்கும். அதை மனசுல வச்சுக்கோங்க.

போன வருஷம், கோயில்ல ஊருக்கே சாப்பாடு போடுத அசனப் பண்டிகை நெருங்குத நேரம். நான் அடுக்களையில மீன் கழுவிக்கிட்டு இருக்கேன். மக போன் பண்ணுதா. "ம்மா, இதுவும் தங்கலம்மா"ன்னா. அவ்வளவுதான். மூணு மாசத்துக் கரு. முதல்லயும் அப்படித்தான் போச்சு. ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போயி, எல்லாம் முடிஞ்சு தனியா ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்திருக்கா. மருமகப்பிள்ளை கம்பெனி வேலையா கோயம்புத்தூர்ல. என் கை பூரா மீன் செதில். அந்தக் கையோட தரையில உக்காந்துட்டேன் சிஸ்டர்.

"என் மாமியாருக்குத் தெரியாதும்மா. உண்டானதையே நாங்க சொல்லல. சொன்னா ஆயிரம் பேசுவாங்க. நீ யார்கிட்டயும் சொல்லாத, அப்பாகிட்ட மட்டும் சொல்லு"ன்னா.

சரின்னேன். சொல்லல. மத்தியானம் வரைக்கும் ஒருத்தர்கிட்ட சொல்லல. அதுக்கு மேல நெஞ்சு தாங்கணும்ல? லில்லி அக்கா வீட்டுக்குப் போனேன். அவகிட்டயும் பேச்சாச் சொல்லல, ஜெபக்குறிப்பாத்தான் சொன்னேன். பேச்சு வேற ஜெபக்குறிப்பு வேற, உங்களுக்குத் தெரியாததா. அப்புறம் ஐயரம்மாகிட்ட. ஐயரம்மாகிட்டச் சொல்லாம எப்படி இருக்க முடியும்? அப்புறம் எதிர்வீட்டு சண்முகக்கனி. அவ நம்ம வேதம் கிடையாது, அவ எந்த மைக்குல போயிச் சொல்லப் போறா? இந்த மூணு பேரு. மூணே பேரு. இதை ஊரெல்லாம் சொன்னதுன்னு சொல்லுதா என் மக.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. எல்லாரும் பாய் விரிச்சு முழங்கால் போட்டு இருக்கோம். லில்லி அக்கா மைக்கை வாங்குதா. "ஆண்டவரே, எங்க கிருபையோட மகளை உம்முடைய கரத்துல வைக்கோம். மதுரையில கட்டிக் குடுத்த பிள்ளை, ரெண்டாவது கருவும் தங்கலயே ராஜா, புகுந்த வீட்டுக்குக்கூடச் சொல்லாம மறைச்சு வச்சு அழுதுக்கிட்டு இருக்காளே"ன்னு போட்டா பாருங்க. பேரு, ஊரு, மருமகன் எந்தக் கம்பெனி, எல்லாம் சொல்லுதா. கண்ணை மூடிக்கிட்டு இருந்தவ பட்டுன்னு திறந்துட்டேன். ஆண்டவருக்கு அட்ரஸ் தெரியாதா சிஸ்டர்? அவரு என்ன போஸ்ட்மேனா? 'உம்முடைய பிள்ளை ஒருத்தி'ன்னு சொன்னா அவருக்கு விளங்காதா?

சம்பந்தியம்மாவோட நாத்தனாரு பக்கத்து ஊருலதான் இருக்கா. அன்னைக்குப் பாத்து கருவாடு வாங்க எங்க ஊருக்கு வந்து, கோயிலுக்கு எதுத்தாப்புல பஸ்ஸுக்கு நிக்கா. குழாய் அவ தலைக்கு நேரா. பெறகு என்ன? நின்ன இடத்துலருந்தே போன் போட்டுட்டா. பொழுது அடையுததுக்குள்ள சம்பந்தியம்மா மதுரையில என் மக வீட்டு வாசல்ல. "எங்க வீட்டுப் பிள்ளை வந்ததும் எனக்குத் தெரியல, போனதும் தெரியல, கருவாடு வாங்கப் போனவ சொல்லித் தெரியணுமா? நான் என்ன வழிப்போக்கியா?"ன்னு கேட்டிருக்கா. கேட்டுட்டு, "உங்க வீட்டு வயித்துல என்ன சாபமோ"ன்னும் சொல்லியிருக்கா. ரத்தம் நிக்காம படுத்துக் கிடக்க பிள்ளைகிட்ட.

அன்னைக்கு என் மக எனக்குப் போன் போட்டா. அழல. அழுதிருந்தாக்கூடத் தேவலை. "ம்மா, நான் வயசுக்கு வந்தது ஊருக்கு மைக்குலதான் தெரிஞ்சுது. ப்ளஸ் டூவுல கெமிஸ்ட்ரி போனது மைக்குல. முதல்ல பாத்த மாப்பிள்ளை வீட்டுல வேண்டாம்னு சொன்னது மைக்குல. இது ஒண்ணாவது எனக்குன்னு இருந்திருக்கக் கூடாதா?"ன்னு கேட்டுட்டு வச்சவதான். அதுக்கப்புறம் நான் எத்தனை தடவை கூப்பிட்டாலும் எடுக்கல.

நீங்களே சொல்லுங்க. வயசுக்கு வந்ததுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை வச்சோம். காணிக்கை வச்சா எதுக்குன்னு ஐயர் வாசிக்கத்தான் செய்வாவ. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? கெமிஸ்ட்ரி போனப்ப சபையார் ஜெபிச்சதுனாலதான அடுத்த தடவை பாஸ் பண்ணுனா? நன்றி கெட்ட பிள்ளை. மைக்குல சொன்னவ லில்லி. கோவம் எங்கிட்ட. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு சும்மாவா சொன்னாவ?

எங்க வீட்டு சார், அவ அப்பா இருக்காங்களே, வாத்தியாரா இருந்து ரிட்டயர்டு ஆனவங்க, அவங்க அன்னைக்கு ராத்திரி ஒண்ணும் சாப்பிடல. "கிருபை, நீ ஒரு வாரம் வாயைத் திறக்காம ஜெபம் பண்ணிப் பாரேன்"னாவ. இந்த மனுஷனுக்கு நக்கல் பண்ண நேரம் காலம் கிடையாது. வாயைத் திறக்காம பண்ணுததுக்குப் பேரு ஜெபமா? தூக்கம்.

நான் விடல. அசனத்துக்கு முந்தின நாள் கோயில் வளாகத்துல பந்தலுக்கடியில பொம்பளைங்க எல்லாரும் அரிவாமனையை வச்சுக்கிட்டு கத்திரிக்கா வெட்டுவோம். மறுநாள் ஊரே உக்காந்து சாப்பிடணும்லா. லில்லி அக்கா என் எதுத்தாப்புல. எத்தனை நேரம்தான் அடக்க? "மத்தவங்க வீட்டுப் பிள்ளை மானத்தைக் குழாய்ல கட்டித் தொங்க விட்டியே அக்கா, உனக்கு நல்லாருக்கா?"ன்னு கேட்டுட்டேன். அவ வெட்டுததை நிறுத்தல. கத்திரிக்காயைப் பாத்துக்கிட்டே, "நீ சொல்லலாம், நான் சொல்லக்கூடாதா கிருபை? என் மகனுக்கு நீ ஜெபிச்சியே, மறந்து போச்சா?"ன்னா.

மறக்கல. நான் எதுக்கு மறக்கணும்? அவ மகன் சவுதிக்குப் போயி வேலை போயித் திரும்பி வந்தவன், குடியில விழுந்துட்டான். நீங்க யார்கிட்டயும் சொல்லிராதீங்க, ஜெபத்துக்காகச் சொல்லுதேன். லில்லி அக்கா எங்கிட்ட ரகசியமாச் சொல்லி அழுதா. எனக்கு மனசு கேக்கல. அந்த வெள்ளிக்கிழமை அவனுக்காகத் திறப்புல நின்னு, அதான் அவனுக்காகப் பரிஞ்சு மன்றாடி ஜெபிச்சேன். மைக்குலதான். பேரைச் சொல்லித்தான். ஆனா அது பாரத்தோட ஜெபிச்சது சிஸ்டர். தேம்பித் தேம்பி அழுதேன், முந்தானை நனைஞ்சு போச்சு. அவ என் மகளுக்கு ஜெபிக்கையில கண்ணுல ஒரு பொட்டு தண்ணி உண்டா? நான் கண்ணைத் திறந்து பாத்தேனே. ரெண்டும் ஒண்ணாகுமா?

"உன் ஜெபத்துக்கு மறுநாள் அவன் சட்டைத் துணியை எடுத்துக்கிட்டுத் திருப்பூர் போனவன்தான். இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஒரு போன் கிடையாது"ங்கா. குடியை விட்டானா இல்லையா, அதைச் சொல்ல மாட்டேங்கா பாருங்க. பதில் கிடைச்ச ஜெபத்துக்குச் சாட்சி சொல்ல எங்க ஊர்ல யாருக்கும் வாய் வராது.

எனக்கு வந்த ஆத்திரத்துல எந்திரிச்சு கத்திரிக்கா போட்டு வச்சிருந்த அண்டாவை ஒரு எத்து எத்திட்டேன். தண்ணியோட கத்திரிக்கா பூராவும் மணல்ல. பொறுக்கிக் கழுவி வெட்டித்தான் வச்சாங்க. மறுநாள் குழம்புல மணல் நறநறன்னுச்சு. ஊரே சாப்பிட்டுட்டு என்னையப் பாத்துச்சு. பாத்தா பாக்கட்டும்.

ஐயர் ரெண்டு பேரையும் கூப்பிட்டு விட்டாவ. மறு ஞாயித்துக்கிழமை திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் குடுக்குத நாள். மனஸ்தாபத்தோட ரெண்டு பேரும் பந்தியில வந்து நிக்கக்கூடாது, ஒருத்தருக்காக ஒருத்தர் சத்தமா ஜெபிச்சு ஒப்புரவாகிட்டுப் போங்கன்னாவ. சின்ன வயசு ஐயர், வந்து ஆறு மாசம்கூட ஆகல. பாவம், எங்களைப் பத்தித் தெரியாது.

முழங்கால் போட்டோம். லில்லி அக்கா ஆரம்பிச்சா. "ஆண்டவரே, என் சகோதரி கிருபையோட கோவத்தை நீர் எடுத்துப் போடும். அவளுக்குத் தாழ்மையைக் குடும்."

எனக்கா தாழ்மை? நான் என் பங்குக்கு, "ஆண்டவரே, உம்முடைய ஆலயத்து மைக்கை ஊர்வம்புக்குப் பிடிக்கவங்க கையை நீரே திருத்தும்"னேன்.

ஐயர் "ஆமென்"னாவ.

அவ நிறுத்துவாளா? "கர்த்தாவே, தன் பிள்ளைக்கு ஒரு நியாயம், ஊரான் பிள்ளைக்கு ஒரு நியாயம் பேசுத உதடுகளை நீர் பாக்கீர்!"

"தகப்பனே, வாங்குன பதவியை வச்சு ஆடுதவங்களையும் நீர் பாக்கீர்!"

"ஆமென், ஆமென்"னு ஐயர் எந்திரிச்சே நின்னுட்டாவ. எங்க ரெண்டு பேரு கண்ணும் மூடித்தான் இருக்கு. சண்டை போடல பாருங்க, ஜெபம்தான் பண்ணுதோம். கடைசியில அவ, "இயேசப்பா, என் மகன் குரலை ஒரு தடவையாவது கேக்க வையும்"னு உடைஞ்சு அழுதுட்டா. அதுக்கு நானும் ஆமென் சொன்னேன். ஆனா மன்னிச்சேன்னு சொல்லல. அவளும் சொல்லல. ஐயர் அந்த வாரம் திருவிருந்தை எங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு ஓரத்துல வச்சுக் குடுத்தாவ. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் அவளுக்கும் எனக்கும் முகத்துல முழி கிடையாது.

ஒண்ணு சொல்லுதேன், உங்க பக்கத்துல இப்படிச் சொல்லுவாங்களோ மாட்டாங்களோ. எனக்கு ஆண்டவர் மேலயும் கோவம்தான். எதுக்கு மறைக்கணும்? லெந்துன்னு தவக்காலம் நாப்பது நாளும் ஒருநேரச் சாப்பாடு. ஒரு ஞாயிறு தவறுனது கிடையாது. எங்க சபையில எந்த வீட்டுல குழந்தை பிறந்தாலும் கம்பளி நூல்ல குல்லா பின்னிக் குடுக்கது நான்தான். ஊர்ல ஓடி விளையாடுத பாதிப் பிள்ளைங்க தலை நான் பின்னுன குல்லாவுக்குள்ள இருந்த தலை. என் மகளுக்குன்னு பின்னுன ரெண்டு குல்லா பீரோவுக்குள்ள கிடக்கு. மஞ்சள் ஒண்ணு, வெள்ளை ஒண்ணு. ஊரான் பிள்ளை தலைக்கெல்லாம் அளவு தெரிஞ்ச ஆண்டவருக்கு என் பேரப்பிள்ளை தலை மட்டும் எப்படி மறந்துச்சு? கேட்டேன். சத்தமாவே கேட்டேன். என் மக மாதிரிதான் அவரும், கூப்பிட்டா எடுக்க மாட்டேங்காரு.

இப்ப எதுக்குப் போறேன்னா, மக மறுபடி உண்டாகியிருக்கா. அஞ்சாவது மாசம். கர்ப்பப்பை வாய் பலமில்லைன்னு தையல் போட்டு, கட்டிலை விட்டு இறங்கக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. பாத்துக்கிட ஆளு வேணும். மருமகப்பிள்ளை எவ்வளவு நாளு லீவு போடுவாரு? மாமியாருக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியாது. எங்க சாருக்கும் எனக்கும்தான் தெரியும். இப்ப உங்களுக்கு. நீங்க வழியில பாத்தவங்க, உங்ககிட்டச் சொன்னா சொன்னதாகாது.

இந்தத் தடவை குல்லா பின்னல. நூலைக்கூடக் கையில தொடல. அவ வேண்டாம்னுட்டா. உளுந்த மாவும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும்தான் இந்தப் பையில. களி கிண்டிக் குடுக்கணும், இடுப்புக்குப் பலம். அவ எங்கூடப் பேசாட்டாலும் பரவால்ல, தின்னா சரி.

என்ன சிஸ்டர், போனை எடுக்கீங்க? வாட்ஸ்அப் ஜெபக் குரூப்பா? பேரா? ஏய், வேண்டாம் வேண்டாம். இவ்வளவு நேரம் என்னத்தைச் சொல்லிக்கிட்டு வாரேன்? பேரு மட்டும் சொல்லவே மாட்டேன். நான் வாக்குக் குடுத்திருக்கேன். வேணும்னா 'ஒரு சகோதரி'ன்னு போட்டுக்கோங்க. அதுவும் வேண்டாம். உள்ள வைங்க போனை.

இருங்க. என் போன்தான் அடிக்கு. யாரு இது? அவதான்! மகதான் சிஸ்டர்! ஒரு வருஷமாச்சு இந்தப் பேரு என் போன்ல வந்து. சத்தம் போடாதீங்க.

எம்மா... ஆங், நான்தான். சாத்தூர் தாண்டிருச்சு... இல்லம்மா, யார்கிட்டயும் பேசல. வாயே திறக்கல. பக்கத்துல ஒரு அம்மா இருக்காங்க, ஏறுனதுல இருந்து தூங்கிக்கிட்டு வாராங்க... என்னது? எப்பருந்து? எவ்வளவு படுது? துணி நனையுதா?... அழாத. அழாத மக்கா. இடது பக்கமாச் சாஞ்சு படு. காலுக்குத் தலகாணி வையி. அவர் எங்க?... ஆட்டோ வேண்டாம், குலுங்கும். கார் பிடிக்கச் சொல்லு. எந்த ஆஸ்பத்திரி, அதேதான? நான் நேரா அங்க வந்துருதேன்... சொல்ல மாட்டேன். சொல்ல மாட்டேன்டா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். வச்சிரு.

இந்த பஸ்ஸு ஏன் இப்படி ஊருது? டிரைவர்கிட்டக் கொஞ்சம் விரசாப் போகச் சொன்னா கேப்பாரா?

சிஸ்டர். அந்தப் போனை எடுங்க.

உங்க குரூப்புல எத்தனை பேரு? அவ்வளவு பேரா? போதும். எழுதுங்க. எமிமாள். யோபு பக்தன் எல்லாப் பிள்ளைகளையும் பறிகொடுத்த பெறகு பிறந்த மக பேரு. அதைத்தான் வச்சோம். புருஷன் பேரு சாம் ஆசீர். ரெண்டையும் போடுங்க. மதுரையில எத்தனை எமிமாள் இருக்காளோ, ஆண்டவருக்கு மாறிப் போயிரக்கூடாது. அஞ்சு மாசம், தையல் போட்டிருக்கு, இப்ப ரத்தம் படுது. அப்படியே எழுதுங்க. ஒண்ணையும் மறைக்காதீங்க. ஆஸ்பத்திரி பேரையும் சொல்லுதேன், இருங்க, இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க. ஒரு போன் பண்ணணும்.

எடு. எடு அக்கா, எடு...

லில்லி அக்கா, நான்தான் கிருபை. வச்சிராத. ஜெபம் முடிஞ்சிருச்சா? முடியலல்லா? மைக்கு யார் கையில இருக்கு? நீ வாங்கு. என் மக பேரைச் சொல்லு, சத்தமாச் சொல்லு.